இருபது பேருக்கு ஈசிஆரில் ஒரு கடலோர வீடு

மே மாத லீவு வந்தால் ஈசிஆரில், அதாவது சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வீடு பிடிக்கும் வேலை என் தலையில் விழும். மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார் குடும்பம், திருச்சியிலிருந்து கொழுந்தனார் குடும்பம், என் அம்மா என்று எப்படியும் இருபது பேர் தேறுவோம். நீலாங்கரையில் ஆரம்பித்து மாமல்லபுரம் தாண்டியும் வாடகைக்கு விடும் வீடுகள் ஏராளம். படத்தில் எல்லாமே அழகுதான்: நீச்சல் குளம், வெள்ளை சோபா, நாலு தென்னை மரம். ஆனால் இத்தனை பேர் தங்கும் இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வைப்பவை எதுவும் படத்தில் வராது.

அதனால் என் முதல் கேள்வி குளிக்கிற தண்ணீர் பற்றித்தான். கடலை ஒட்டிய பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும். பொறுப்பான வீட்டுக்காரர்கள் லாரித் தண்ணீர் வாங்கி சம்ப்பை, அதாவது தரைக்கடித் தொட்டியை, நிரப்பி வைப்பார்கள். சம்ப் எத்தனை லிட்டர், நாம் போகும் அன்று நிரம்பியிருக்குமா, தீர்ந்துபோனால் அடுத்த லாரிக்குப் பணம் யார் தருவது என்று கேட்டுவிடுங்கள். அலையில் ஆடிவிட்டு வந்தால் ஒரு குளியல், ராத்திரி கசகசப்புக்கு இன்னொன்று. ஆளுக்கு 150 லிட்டர் என்று வைத்தாலும் நாளைக்கு 3,000 லிட்டர் ஆகிறது. மாடியில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்றுதான் என்றால் மூன்று தடவை மோட்டார் போட வேண்டும்.

இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வாட்ச்மேன் நம்பரை வாங்கி அவரிடமும் பேசுங்கள். ஒரு வீட்டுக்காரர் என்னிடம், "இருபத்து நாலு மணி நேரமும் தண்ணி, ஃபுல் ஜெனரேட்டர் பேக்கப் மேடம்" என்றார். வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டால் அவர் சொல்கிறார்: "தண்ணி வரும்மா. மோட்டார்தான் சூடாயிடும், நடுவுல ஒரு மணி நேரம் விடணும். ஜெனரேட்டர்ல ஃபேன், லைட் ஓடும். ஏசி ஓடாது." மே மாதத்தில் ஏசி ஓடாத வீட்டுக்குக் கைக்குழந்தையோடு போக முடியுமா? நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

படுக்கையறை எத்தனை என்பதைவிட பாத்ரூம் எத்தனை என்று பாருங்கள். ஹாலில் பாய் விரித்து வரிசையாகப் படுப்பதில்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமே. காலை ஏழு மணிக்கு பாத்ரூம் வாசலில் வரிசை நின்றால் பெரியவர்களுக்குப் பொறுக்காது. ஐந்து பேருக்கு ஒன்று என்பது என் கணக்கு. தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் அதை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட்டும் கட்டாயம் வேண்டும். அத்தைக்கு முட்டி வலி. பாத்ரூம் வாசலில் அரையடி உயரத்தில் ஒரு படி இருந்தால்கூட ராத்திரி யாராவது எழுந்து கை கொடுக்க வேண்டும். கட்டிலிலிருந்து டாய்லெட் வரை நடந்தபடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வேன். தயங்கினால் அடுத்த வீடு.

அதேபோல ஹாலிலிருந்து மணல் வரைக்கும் நிறுத்தாமல் ஒரு வீடியோ கேளுங்கள். 'பீச் ஹவுஸ்' என்ற பெயரில் ரோட்டுக்கு மேற்கே, கடல் இல்லாத பக்கம் இருக்கும் வீடும் வரும். கடலை ஒட்டியே இருந்தாலும் மணல் இருக்கும் என்று சொல்ல முடியாது. 1980களின் கடைசியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டிய பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கி, வடக்குப் பக்கம் கரை அரித்துக்கொண்டே போனது. கோட்டக்குப்பம் பக்கம் பல இடங்களில் இப்போது கருங்கல் குவியல்தான். பார்க்க நன்றாக இருக்கும், பிள்ளைகள் விளையாட முடியாது.

மணல் இருந்தாலும் நம் இஷ்டத்துக்குக் கடலில் இறங்கக் கூடாது. இந்தக் கரையில் இழுப்பு அதிகம், வீட்டுக்குப் பின்னால் லைஃப்கார்டும் கிடையாது. குளித்தே ஆக வேண்டும் என்றால் 2021இல் நீலக்கொடி (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற, சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரைக்கு எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். வீட்டில் இருக்கும் நேரத்தில் பின் கேட் சாவி என் இடுப்பை விட்டு நகராது. கேட்டுக்குப் பூட்டே இல்லாத வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுப்பதில்லை. நீச்சல் குளத்தின் ஆழத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சமையல். 'கிச்சன் இருக்கு' என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஆறு தட்டும் இருக்கும். பெரிய பர்னர், ஸ்பேர் சிலிண்டர், அண்டா, மிக்ஸி எல்லாம் உண்டா, அசைவம் சமைக்கலாமா, மீன் கழுவ வெளியே குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் குழாய் கால் மணலைக் கழுவவும் உதவும். இல்லாவிட்டால் அத்தனை மணலும் பாத்ரூமை அடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. லீவும் அதே சமயத்தில்தான் வருகிறது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலைதான் கடிக்கும். மீனுக்காகவே போகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், வெயிலும் குறைவு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையை நம்பி முன்பணம் கட்ட எனக்குத் தைரியம் இல்லை.

வேன் வாசல் வரை வருமா, டிரைவர் அண்ணன் படுக்க இடமும் அவருக்கு டாய்லெட்டும் உண்டா என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க வண்டிக்குள் சுருண்டு கிடந்தவர் மறுநாள் திருச்சி வரை எப்படி ஓட்டுவார்?

பணம் கடைசி. ஆள் கணக்கைக் குறைத்துச் சொல்லாதீர்கள், வாசலில் தலையை எண்ணி எக்ஸ்ட்ரா கேட்பார்கள். கைக்குழந்தையும் கணக்கில் வருமா என்று முன்பே கேட்டு, வாட்ஸப்பில் எழுத்தில் வாங்குங்கள். ஞாயிறு மதியம் போய் செவ்வாய் காலை கிளம்புவது போல வைத்தால் வாடகையில் பேரம் பேசலாம். போனதும் சாமானைப் பிரிப்பதற்கு முன் அறை அறையாக வீடியோ எடுத்துவிடுவேன். உடைந்த டீப்பாய், விரிசல் விட்ட வாஷ்பேசின் எல்லாம் அதில் வரும். கிளம்பும்போது வாட்ச்மேன் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் இன்னொன்று. டெபாசிட்டை என்றைக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்பதையும் அங்கேயே போன் போட்டுக் கேட்டுவிடுவேன்.