சென்னை–கொழும்பு ஓவியப் பரிமாற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கேலரிகள் கொழும்புக்குப் படங்களை அனுப்புவதும், அங்கிருந்து இங்கே வரவழைப்பதும் இப்போது இளைஞர்களே துணிந்து செய்கிற வேலை. சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் முட்டிக்கொண்ட அதே இடங்களில் இவர்களும் போய் முட்டுவதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. படத்தைத் தலைகீழாக மாட்டுவது, அழைப்பிதழில் ஓவியர் பெயரைத் தப்பாக அடிப்பது இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

கார்னேயில் போன படத்தை விற்பது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. ஏடிஏ கார்னே என்பது வெளிநாடு போய்த் திரும்பும் பொருள்களுக்கான சுங்க ஆவணம். இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு தருகிறது, அதிகபட்சம் ஓராண்டு செல்லும். இலங்கையும் அதை ஏற்கிறது. படங்கள் வரி கட்டாமல் உள்ளே போகும். எதனால்? அத்தனையும் திரும்பி வரும் என்று பட்டியல் போட்டு, பிணையும் வைத்திருக்கிறீர்கள்.

தொடக்க விழாவில் ஒருவர் ஒரு படத்தின் முன்னால் நின்று விலை கேட்பார். அங்கேதான் வினை. எனக்குத் தெரிந்த ஒரு கேலரியில், கண்காட்சி முடிந்ததும் சுவரிலிருந்து கழற்றி நேராக வாங்கியவர் காரில் ஏற்றிவிட்டார்கள். திரும்பும்போது மீதிப் படங்களை மட்டும் கார்னேயோடு சேர்ந்த சுங்கச் சீட்டான வவுச்சரில் எழுதினார்கள், முத்திரையும் விழுந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தார்கள்.

முடியவில்லை. கார்னே காலாவதியான பிறகும் ஓராண்டு வரை அந்த நாட்டுச் சுங்கத்துறை கேட்கலாம். திரும்பாத படத்துக்கான வரி, அதன் மேல் பத்து சதவீதம் வரை கூடுதல். எல்லாம் மறந்துபோன நேரத்தில் கடிதம் வந்தது. விற்ற பணத்தை ஓவியருக்கு எப்போதோ பிரித்துக் கொடுத்தாயிற்று. அவரிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா? கைக்காசுதான் போனது.

விற்கும் எண்ணம் இருந்தால் அந்தப் படங்களைக் கார்னேயில் சேர்க்காமல் முறையான ஏற்றுமதியாக அனுப்பி, அங்கே வரி கட்டிவிடுங்கள். கார்னேயில் போன படத்தை ஒருவர் கேட்டால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் சென்னை வந்து மறுபடி போகும் என்று முதலிலேயே சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பழைய தஞ்சாவூர் ஓவியம்

நூறாண்டு கடந்திருந்தால், தொன்மைப் பொருள்கள், கலைப் பொக்கிஷங்கள் பற்றிய 1972 சட்டப்படி அது தொன்மைப் பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. புதிதாக வரைந்தது என்றால், தொன்மைப் பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்குங்கள். ரவிவர்மா, ஜாமினி ராய் படங்களுக்கு வயதே பார்ப்பதில்லை. அவை கலைப் பொக்கிஷம், ஏற்றுமதிக்குத் தடை.

பபிள் ராப்

அக்ரிலிக் படத்தின் மேல் நேரடியாகச் சுற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வண்ணம் இளகும், குமிழ்கள் வட்டவட்டமாகப் பதியும். அந்தத் தடம் போகாது.

இன்சூரன்ஸ்

விமானப் பயணத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள். இங்கே கழற்றுவதிலிருந்து திரும்பி வந்து மாட்டும் வரை.

பெட்டி

பூச்சி பரவாமல் மரத்தைப் பதப்படுத்தியதற்கான சர்வதேச முத்திரை ஐஎஸ்பிஎம் 15. அது இல்லாத மரம் வேண்டாம். ப்ளைவுட்டுக்கு விலக்கு உண்டு. அதன் ஓரங்களில் தச்சர் அடித்துத் தரும் ரீப்பர் கட்டைக்கு இல்லை.