கரைச்சியில் பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால் நிலாவெளிப் பக்கம் பெரிய கரைச்சிக் களப்பு வரும். பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்குபவர்களை நான் அங்கேதான் கூட்டிப்போவேன். காரணம் வெயில். வீதிக்குக் கிழக்கே கடல், மேற்கே களப்பு. விடிய ஆறரைக்குப் போய் நின்றால் சூரியன் முதுகுப்பக்கம். பறவையின் நிறம் அப்படியே தெரியும். பின்னேரம் போனால் எல்லாமே கறுப்பு நிழல்தான்.

முதலில் மாதத்தைத் தெரிவு செய்யுங்கள். வலசை வரும் பறவைகள் செப்டெம்பர், ஒக்டோபரில் வந்து ஏப்ரல் வரை நிற்கும். ஆனால் மாரியில் களப்பு நிரம்பிவிடும். சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளில் சின்னவற்றுக்குக் கால் வைக்க இடமிருக்காது. பெப்ரவரியில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போது போங்கள்.

8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். 12 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் 12 மடங்கு. ஒரு கொப்பி, பென்சில், தொப்பி. சரி, கிளம்பலாம்.

போனதும் அரிய பறவையைத் தேடாதீர்கள். வெள்ளைக் கொக்குகளைப் பிரிக்கப் பழகுங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சளா? சின்னக் கொக்கு. மாட்டோடு திரியும் மஞ்சள் அலகுக் குள்ளன் உண்ணிக்கொக்கு. கழுத்து நீண்டு, வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. இவற்றுக்கு இடைப்பட்ட அளவில் இன்னொன்றும் உண்டு. அதை அடுத்த முறைக்கு வையுங்கள்.

பிறகு சேற்றுக்கு வாருங்கள். குச்சி போன்ற நீண்ட இளஞ்சிவப்புக் கால் என்றால் நெடுங்கால் உள்ளான். கால் சிவப்பாக, ஆனால் குட்டையாக இருந்தால் பவளக்காலி. பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை மின்னும். சந்தேகமென்றால் பறக்கும்வரை பொறுங்கள். எழுப்பிவிடக் கல்லெறிய வேண்டாம்.

கிட்டப் போகவும் வேண்டாம். ஆட்காட்டி பேருக்கேற்றபடி கத்தி ஊரைக் கூட்டும்; மற்றதெல்லாம் எழும்பிவிடும். என் முதல் மூன்று காலைகள் அப்படித்தான் வீணாகின.

கூட்டத்தை எண்ணும்போது முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த அளவு எவ்வளவு இடம் பிடிக்கிறதென்று மனதில் வைத்துப் பத்துப் பத்தாக நகருங்கள். நேரத்தையும் எண்ணிக்கையையும் குறித்து ஈபேர்ட் செயலியில் பதியலாம், இலவசம்தான். பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள்.

போன பெப்ரவரியில் ஒரு மணித்தியாலத்தில் என் கொப்பியில் விழுந்தவை: நெடுங்கால் உள்ளான் அறுபதுக்குக் கிட்ட, பவளக்காலி 11, கரண்டிவாயன் 2, தெரியாதது 4.