மரப்பேனா கடைவோர் மறந்துவிடுவது

பாம்புமரம் என்று ஒன்று உண்டு. சூரினாம், கயானா காடுகளில் வளர்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் கனம். மேலே பாம்புத்தோல் போன்ற புள்ளிகள். ஜெர்மனியின் கிராஃப் ஃபான் ஃபாபர்-காஸ்டெல் நிறுவனம் 2003-இல் ‘ஆண்டின் பேனா’ என்ற வரிசையைத் தொடங்கியபோது முதல் பேனாவுக்கு எடுத்தது இந்த மரத்தைத்தான். துணிச்சல்தான். அவசரமாக உலர்த்தினாலும் வெடிக்கும், கடைசல் பிடிக்கும்போது சூடேறினாலும் வெடிக்கும் மரம் அது.

விலை உயர்ந்த மரப்பேனாக்களில் நான் பார்த்த கோளாறுகள் பலவும் ஒரே மறதியால் வந்தவை: வெட்டிய பிறகும் மரம் சும்மா இருக்காது. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். குறுக்கே பார்த்தால், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அதனால் ஈரம் வற்றாத கட்டையில் வட்டமாகக் கடைந்த மூடி, சில மாதங்களில் நீள்வட்டமாகிவிடும், மூடியைத் திருகிப் பூட்டும் மரை இறுகும்.

உள்ளே பித்தளைக் குழாய் ஒட்டும் பேனாக்களில் சிக்கல் இன்னும் கூடும். மரம் சுருங்கப் பார்க்கும், பித்தளை இடம் கொடுக்காது. பசையும் கண்ணாடிபோல் இறுகும் வகையாக இருந்தால் மரம்தான் பிளக்க வேண்டும். என்னிடம் ஓர் ஈட்டிமரப் பேனா இருந்தது. ஏசி அறைக்கு வந்த மூன்றாவது வாரம் மூடியின் விளிம்பில் மயிரிழைபோல ஒரு கோடு. நகத்தால் வருடினால்தான் தெரிந்தது. அடுத்த மாதம் அது கிளிப் வரை ஏறிவிட்டது.

மூடியிலும் உடலிலும் மரத்தின் வரிகள் தொடர்ந்து ஓட வேண்டும்; இந்த ரேகைப் பொருத்தத்திலும் பலர் சறுக்குகிறார்கள். மூடியையும் உடலையும் ஒரே கட்டையில் அடுத்தடுத்து வெட்டினால் போதும் என்று நினைப்பு. மூடி சட்டென்று திறக்க மூன்று தொடக்கம் உள்ள மரை, அதாவது மூன்று புரிகள் இணையாகச் சுற்றிவரும் மரை, போடுவார்கள். அப்போது மூடி மூன்று நிலைகளில் பூட்டிக்கொள்ளும், ரேகை சேர்வதோ ஒன்றில் மட்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் ஒவ்வொரு முறையும் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒற்றைத் தொடக்க மரையில் இந்தத் தொல்லை இல்லை.

மரையை மரத்திலேயே வெட்டுவது வேண்டாம், தேயும். அந்த இடத்துக்கு எபோனைட் என்ற கெட்டி ரப்பரோ உலோகமோதான் சரி. நிப்புக்கு அருகே விரல் பிடிக்கும் கழுத்தும் அப்படியே, மரமாக இருந்தால் மை கறையாக ஊறிவிடும். கண்ணாடிப் பளபளப்புக்காகத் தடித்த பூச்சு ஏற்றுவது என் கணக்கில் குற்றமே. தொட்டால் பிளாஸ்டிக், பிறகு மரம் எதற்கு?

நிப்பை அதே பட்டறையில் செய்திருப்பார்கள் என்று வாங்குபவர்கள் நம்புவதும் உண்டு. பல நிறுவனங்கள் ஹைடல்பெர்க்கின் போக், பெர்லினின் யோவோ ஆகிய ஜெர்மன் நிப் தயாரிப்பாளர்களிடமிருந்தே வாங்குகின்றன. அதில் குறையில்லை. நிப்பைச் சீர்செய்யாமல் பெட்டியில் வைத்து அனுப்புவதுதான் குறை. எழுதிப் பார்த்தே வாங்குங்கள்.

கழுவும்போது நிப்பும் கழுத்தும் மட்டும் நனையட்டும். உடலும் மூடியும் தண்ணீர்ப் பக்கமே வர வேண்டாம்.