டீல் ஊருக்கு வீடு மாறுகிறீர்களா? வேன் பிடிக்கும் முன் சில விஷயங்கள்

லண்டனிலிருந்து கென்ட் கடற்கரைப் பக்கம், இந்த டீல் ஊருக்குக் குடிவருகிற நம்மாட்கள் பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணா, நல்ல வேன்காரர் நம்பர் இருக்கா?" நம்பர் தருவேன். ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். வேன் நிற்கப்போகிற இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் எத்தனை அடி?

டீலில் செலவை ஏற்றுவது மைல் கணக்கு அல்ல, அந்த அடிக் கணக்குதான். கடலை ஒட்டி பீச் ஸ்ட்ரீட், அடுத்து மிடில் ஸ்ட்ரீட், அதற்கும் உள்ளே ஹை ஸ்ட்ரீட். மூன்றும் இணையாகப் போகும். இடையில் குறுக்குச் சந்துகள். மிடில் ஸ்ட்ரீட் பகுதியை 1968-லேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டார்கள், கென்ட் கவுண்டியிலேயே முதலாவதாக. பார்க்க அழகுதான். ஆனால் கூண்டு வைத்த லூட்டன் வேன் அந்தச் சந்துகளில் நுழையாது. பீச் ஸ்ட்ரீட்டில் நிறுத்திவிட்டுக் கையால்தான் சுமக்க வேண்டும். வேன்காரர் மணிக்கணக்கில் காசு வாங்குபவர் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே போன் செய்யும் முன் ஒரு நடை போய் வாசலிலிருந்து தெருமுனை வரை வீடியோ எடுத்துவிடுங்கள். மாடிப்படியையும் எடுங்கள். பழைய வீடுகளில் படி குறுகலாக இருக்கும், பாதியில் திரும்பவும் செய்யும். அந்தத் திருப்பத்தில் அகலம், உயரம் இரண்டையும் டேப் வைத்து அளந்து, சோபாவையும் அளந்து, இரண்டையும் வேன்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். மெத்தை வளைந்து போய்விடும். சிக்குவது ஒரே துண்டாக இருக்கும் கட்டில் பெட்டிதான். இரண்டாகப் பிரிகிற மாதிரி என்றால் கவலையில்லை. "ஜன்னலைக் கழற்றி ஏற்றிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். வீடு லிஸ்டட் கட்டடமாக (பழமைக்காகச் சட்டப் பாதுகாப்பு பெற்றதாக) இருந்தால் ஜன்னலை வெட்டவோ மாற்றவோ கவுன்சில் அனுமதி வேண்டும்.

நம் வீட்டுச் சாமான் பற்றி ஒரு வார்த்தை. வெட் கிரைண்டரை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். கல்லை வெளியே எடுத்து, பழைய போர்வையில் சுற்றி, தனிப் பெட்டியில் வைத்து, மேலே பெரிதாக 'ஹெவி' என்று எழுதுங்கள். சின்னப் பெட்டிதானே என்று ஒருவர் ஒரு கையால் தூக்கப்போனால் இடுப்பு போய்விடும். புத்தகங்களுக்கும் சின்னப் பெட்டிதான். சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டுகிற வேனுக்கு 3.5 டன் வரம்பு, அதுவும் வேனின் சொந்த எடையையும் சேர்த்து. லிஃப்ட் வைத்த லூட்டனில் அதைக் கழித்தால் சாமானுக்கு ஏறக்குறைய ஒரு டன்தான் மிஞ்சும், சில வண்டிகளில் அதுவும் இருக்காது. கூண்டில் இடம் இருக்கிறதே என்று அடுக்கிக்கொண்டே போக முடியாது.

இன்ஷூரன்ஸ் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். காசு வாங்கி அடுத்தவர் சாமானை ஏற்ற 'ஹையர் அண்ட் ரிவார்ட்' இருக்கிறதா, சாமானுக்கு 'குட்ஸ் இன் ட்ரான்சிட்' இருக்கிறதா, சுவரையோ கதவையோ இடித்தால் 'பப்ளிக் லயபிலிட்டி' இருக்கிறதா. பத்திரத்தின் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாம் இருக்கு மேட்" என்ற பதில் போதாது. நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பல பாலிசிகள் தராது, அதையும் கேட்டு வையுங்கள்.

விலை எழுத்தில் வரட்டும். ஆள் ஒருவரா இருவரா, குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம், அவர் திரும்பிப் போகிற நேரம் கணக்கில் உண்டா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கென்ட்காரரின் பழைய டீசல் வேன் யூரோ 6 என்ற புகை அளவுகோலுக்குள் வரவில்லையென்றால் லண்டனுக்குள் யூலெஸ் எனும் மாசுக் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்ட். டார்ட்ஃபர்டில் தேம்ஸ் ஆற்றைத் தாண்டினால் காலை 6 முதல் இரவு 10 வரை கட்டணம் உண்டு. லண்டனில் அதே ஆற்றுக்கு அடியில் போகும் பிளாக்வால் சுரங்கத்துக்கும் 2025 ஏப்ரலிலிருந்து கட்டணம் வந்துவிட்டது. இதெல்லாம் யார் தலையில் என்று முன்பே பேசிவிடுங்கள்.

நாள் என்று பார்த்தால் செவ்வாய், புதன் உத்தமம். சனிக்கிழமை காலை சந்தை நடக்கும். வெயில் காலத்து வார இறுதியில் கடற்கரைத் தெருவில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். இரட்டை மஞ்சள் கோட்டில் சாமான் ஏற்றி இறக்க நிற்கலாம், ஆனால் நடைபாதை விளிம்பில் குறுக்காக இரண்டு மஞ்சள் கீறல் இருந்தால் எந்த நேரமும் கூடாது. ரெசிடென்ட் பார்க்கிங் இடம் வேண்டுமென்றால் மாவட்ட கவுன்சிலிடம் சில வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். அப்புறம் காற்று. பீச் ஸ்ட்ரீட்டில் பலமாக வீசும் நாளில் மெத்தை பாய்மரமாகிவிடும், இரண்டு பேர் பிடித்தே ஆக வேண்டும்.

பழைய சோபாவை "நான் எடுத்துட்டுப் போயிடறேன், இருபது பவுண்ட் குடு" என்று வேன்காரர் சொன்னால், கழிவு ஏற்றும் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். என்விரான்மென்ட் ஏஜென்சியின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டால் இலவசமாகவே தெரிந்துவிடும். பதிவில்லாதவரிடம் கொடுத்து, அவர் வயல் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போனால், உங்களுக்கும் 600 பவுண்ட் வரை அபராதம் வரலாம். பதிவு இருந்தால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.