சேலத்தில் 40.5, ஏற்காட்டில் 43.6: வாயுவின் கனஅளவை எஸ்.டி.பி.க்கு மாற்றும் முறை

0.036 கிராம் மெக்னீசியம் நாடா அமிலத்தில் கரைந்தால், வெயில் நாளில் சேலத்தில் 40.5 மில்லி ஹைட்ரஜன் சேரும். அதே எடை நாடா ஏற்காட்டில் 43.6 மில்லி தரும். இரண்டும் சரியே. ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் எஸ்.டி.பி. எனும் திட்ட வெப்பநிலை, அழுத்தத்துக்கு மாற்ற வேண்டும். வெப்பநிலையும் அழுத்தமும் எழுதாத கனஅளவுக்கு என் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

நாடாவை உப்புத்தாளில் பளபளக்கத் தேய்த்து, எடைபோட்டு, செம்புக் கம்பியில் சுற்றுங்கள். 50 மில்லி வாயு அளவுக்குழாயில் முதலில் 10 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன்மேல் சுவரோரமாக மெல்லத் தண்ணீர், விளிம்பு வரை. நாடாவை வாயருகே நிறுத்தி, துளையுள்ள அடைப்பானால் மூடி, குழாயைத் தண்ணீருள்ள பீக்கரில் கவிழ்த்து வையுங்கள். கனமான அமிலம் நெளிநெளியாக இறங்குவது கண்ணுக்கே தெரியும். நாடாவைத் தொட்டதும் குமிழி கிளம்பும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பக்கத்தில் தீ கூடாது.

குமிழி நின்றவுடன் அளக்காதீர்கள். வினையில் வந்த சூடு தணியட்டும். பிறகு குழாயை உயரமான நீர்ச்சாடிக்கு மாற்றி, உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஏற்றி இறக்குங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமம்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். கைப்பேசியின் வானிலைச் செயலி ஏற்காட்டுக்கும் 1010 ஹெக்டோபாஸ்கல் என்றுதான் காட்டும். அது கடல்மட்டத்துக்குத் திருத்திய எண். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உண்மையான அழுத்தம் 850-ஐ ஒட்டியே இருக்கும். சேலம் நகரத்திலேயே 980தான். பாரமானியைப் பாருங்கள்; அழுத்த உணரி உள்ள கைப்பேசியும் போதும்.

பத்து ஹெக்டோபாஸ்கல் ஒரு கிலோபாஸ்கல்; ஆக 850 என்பது 85, 980 என்பது 98. குழாயில் ஹைட்ரஜனோடு நீராவியும் கலந்திருப்பதால், அதிலிருந்து நீராவியின் அழுத்தத்தைக் கழியுங்கள்: 20 டிகிரியில் 2.3 கிலோபாஸ்கல், 33 டிகிரியில் 5. வெப்பநிலையைக் கெல்வினில் போட, டிகிரியோடு 273.15-ஐக் கூட்டுங்கள்.

ஏற்காடு, 20 டிகிரி: 85 − 2.3 = 82.7
43.6 × (82.7 ÷ 100) × (273.15 ÷ 293.15) = 33.6 மில்லி

சேலம், 33 டிகிரி: 98 − 5 = 93
40.5 × (93 ÷ 100) × (273.15 ÷ 306.15) = 33.6 மில்லி

இங்கே 100 கிலோபாஸ்கல் என்பது சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயுபேக் 1982 முதல் கொண்டிருக்கும் திட்ட அழுத்தம். வெப்பநிலை 0 டிகிரி. இந்த நிலையில் ஒரு மோல் வாயு 22.7 லிட்டர். பழைய 22.4, 101.325 கிலோபாஸ்கலுக்கு உரியது. 100-ஐ வைத்துத் திருத்திவிட்டு 22.4-ஆல் சரிபார்த்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் இடிக்கும். பிள்ளைகள் நாடாவின் தூய்மையைச் சந்தேகிப்பார்கள். 0.036-ஐ மெக்னீசியத்தின் மோல் நிறையான 24.3-ஆல் வகுத்து 22,700-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 33.6 வரும்.