பண்ணைக்கு வரும் பிள்ளைகளின் மனநிலையைப் படங்களால் அறிவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள-தமிழக எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் வளரிளம் பிள்ளைகளுக்குப் பண்ணைப் பயிற்சி நடத்துகிறவர்கள், பலன் என்ன என்று கேட்டால் ஆல்பத்தைக் காட்டுவதுண்டு. கடலைச் செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அதை மனநலத்துக்குச் சான்றாக அறிக்கையில் சேர்ப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. கேமராவைப் பார்த்தால் சிரிக்கவேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். எடுப்பவர் பொறுப்பாளர் அண்ணன் என்றால் கேட்கவே வேண்டாம்.

கேமரா பிள்ளையின் கைக்குப் போகவேண்டும். கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 1990-களில் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களிடம் கேமரா கொடுத்து வளர்த்தெடுத்த ‘ஃபோட்டோவாய்ஸ்’ முறை இதைத்தான் செய்கிறது. எடுத்தவரே படத்தைப் பற்றிப் பேசுவார். படத்தோடு அந்தப் பேச்சும் சேர்ந்தால்தான் அது தரவு.

பேச்சைக் கேட்காமல் படத்துக்கு நாமே பொருள் சொல்வது அடுத்த தவறு. மோட்டார் ரூமின் சாத்திய கதவை ஒரு பையன் எடுத்துவந்தால், பெரியவர்கள் கண்ணுக்கு அது வெறும் கதவு, அல்லது தவறுதலாக அழுத்திய படம். ‘கண்ணு, இங்கே என்ன நடக்கும்?’ என்று கேட்டால், வெயிலுக்கு ஒதுங்கித் தனியாக உட்காரக் கிடைத்த ஒரே இடம் என்று அவன் சொல்லலாம். மற்ற பையன்கள் உள்ளே தள்ளிப் பூட்டுகிற இடம் என்றும் சொல்லலாம். படம் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். ஆகவே மங்கல், கோணல் என்று எதையும் கேட்காமல் அழிக்காதீர்கள்.

‘உனக்குப் பிடித்ததை எடு’ என்று மட்டும் சொன்னால் கன்றுக்குட்டியும் செம்பருத்திப் பூவும்தான் வரும். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும்: இங்கே நிம்மதியாக இருக்கும் இடம் எது? எந்த வேலைக்குப் போகக் கால் வரவில்லை? எடுக்க நினைத்து எடுக்க முடியாமல் போனது எது? கடைசிக் கேள்விக்குப் படமே வேண்டாம், பதில் போதும். ஆளுக்குப் பத்துப் படத்துக்கு மேல் வேண்டாம். அதில் மூன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், அரைமணி நேரம் பேசுங்கள். மற்றவர் கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாத இடமாக அது இருக்கட்டும். பேச்சைப் பதிந்து எழுதிவைத்து, அதில் தெரிகிற கருத்துகளை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் குறித்தபிறகே ஒப்பிடுங்கள். ஒருவரே படித்தால் அவர் தேடியதுதான் கிடைக்கும்.

முதல் மாதப் படத்தையும் கடைசி மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து ‘முன்னேற்றம்’ என்பதும் ஏமாற்றும். சித்திரை வெயிலில் காய்ந்த தோப்பும் மழைக்குப் பிறகு பச்சை கட்டிய தோப்பும் ஒன்றாகத் தெரியாது. மாறியது பருவமாக இருக்கலாம். பக்கபலமாக மனநலனை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கூற்று வினாத்தாளை (WHO-5) சேர்க்கலாம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியது, கூற்றுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு எவ்வளவு என்று வரும். எண்ணும் படமும் முரண்பட்டால் ஒன்றைத் தள்ளிவிடாமல் பிள்ளையிடமே திரும்பப் போங்கள்.

ஒப்புதல் படிவத்தை மலையாளத்தில் மட்டும் அச்சடிப்பது இந்த எல்லைப்பக்கத்துக்கே உரிய பிழை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மா போட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தைதான். பெற்றோரின் ஒப்புதல் சரிபார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வாய்க்காலில் குளிப்பவர், கள் இறக்குபவர் என அடுத்தவர் முகம் கேட்காமல் படத்தில் விழக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமும் போகக்கூடாது.

‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அடி, தொல்லை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் என ஏதாவது வெளிப்பட்டால், பிள்ளையைக் காக்கக்கூடிய ஒருவரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று பேச்சைத் தொடங்கும்போதே சொல்லுங்கள். யாரிடம் சொல்வது, எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்பதைக் கேமரா கொடுக்கும் முன்பே முடிவுசெய்து, குழந்தைகள் உதவி எண் 1098-உடன் எழுதி ஒவ்வொரு பொறுப்பாளர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.