விருந்தினர் தயங்காத வீடு: குறுகிய கால வாடகை வீட்டுக்கு உங்கள் வரவேற்புக் கொள்கையை உருவாக்குவது எப்படி?

சில நாள் தங்குபவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடலாம் என்று முடிவானதும் பெரும்பாலானோர் நேரே கடைக்குப் போகிறார்கள். புதுப் போர்வை, துண்டு, சுவரில் மாட்ட ஒரு படம். இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, 'வருகிறவரை நான் எப்படி நடத்தப் போகிறேன்?' என்று தீர்மானித்துவிட்டால், பின்னால் எடுக்க வேண்டிய எத்தனையோ சின்ன முடிவுகள் எளிதாகிவிடும். அந்தத் தீர்மானம் இல்லாத வீட்டை உள்ளே நுழைந்ததுமே அடையாளம் காணலாம். மேசைமேல் 'உங்கள் வீடு போல இருங்கள்' என்று ஓர் அட்டை. அதற்கு நேர் மேலே சுவரில் 'தொடாதீர்கள், திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள்' என்று நீண்ட பட்டியல். வந்தவர் எதை நம்புவார்?

என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத வீட்டுக்குள் வரும் யாருக்கும் தயக்கம் இருக்கும். இந்த அலமாரியைத் திறக்கலாமா? துணி துவைத்துக் காயப்போடலாமா? வெந்நீர் வரவில்லையே, இந்த நேரத்தில் வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா? அவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே இந்தத் தயக்கங்களைப் போக்கி வைப்பதைத்தான் நான் வரவேற்பு என்கிறேன். உங்கள் கொள்கை வேறாக இருக்கலாம். கீழே உள்ள படிகள் அதற்கும் பொருந்தும்.

படி 1: மூன்று கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் எழுதுங்கள்

முதல் கேள்வி: வீட்டை ஏன் விடுகிறேன்? வருமானத்துக்கு என்றால் அப்படியே எழுதுங்கள். பணம் வாங்கிக்கொண்டு உபசரிப்பதால் உபசரிப்பு போலியாகிவிடாது. ஆனால் வருமானம்தான் காரணம் என்றால் அடுத்தடுத்து முன்பதிவு எடுக்கத் தோன்றும், சுத்தம் செய்யும் நேரம் சுருங்கும். எங்கே சறுக்குவீர்கள் என்பதை இந்தப் பதிலே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது கேள்வி: அந்த வீட்டில் நான் எவ்வளவு தூரம் இருக்கப் போகிறேன்? 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாட்டுக்காக விடுதி அறைகள் நிரம்பியபோது, பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே காற்று மெத்தை விரித்து மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய, இப்படிப்பட்ட வீடுகளை முன்பதிவு செய்யும் இணையத் தளமான ஏர்பிஎன்பி-க்கு அதுதான் வித்து. அதாவது அந்தத் தளம் ஒரே கூரையின் கீழ் தொடங்கியது. இன்று விருந்தினரும் வீட்டுக்காரரும் முகம் பார்க்காமலேயே பல தங்கல்கள் முடிந்துவிடுகின்றன. இரண்டும் சரிதான். எது உங்கள் இயல்பு என்பதை எழுதுங்கள். பேச்சுத் துணை தேடாதவர் அப்படி நடித்தால் வந்தவருக்கு அது தெரியாமல் போகாது.

மூன்றாவது கேள்வி: எதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது? வீட்டுக்குள் புகை, நள்ளிரவுச் சத்தம், முன்பதிவில் சொன்னதைவிடக் கூடுதல் ஆட்கள், எதுவாக இருந்தாலும் எழுதி வையுங்கள். இந்தப் பட்டியல் சின்னதாக இருக்கும். பொறுத்துக்கொள்ளக் கூடியதையும் இதில் சேர்த்துவிடாதீர்கள்.

படி 2: எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாகச் சுருக்குங்கள்

'விருந்தினரின் மகிழ்ச்சியே எங்கள் நோக்கம்' என்று எழுதினால் அழித்துவிடுங்கள். அது எந்த முடிவையும் எடுக்க உதவாது. நல்ல வாக்கியம் என்றால் அதை வைத்து ஒரு சிக்கலைத் தீர்க்க முடிய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 'வருகிறவருக்கு நான் தருவது தனிமை' என்று ஒருவர் எழுதுகிறார். அவர் கதவுக்கு எண் பூட்டு போடுவார், தங்கும் நாட்களில் தேவையின்றிச் செய்தி அனுப்ப மாட்டார், தோட்டத்தைச் சீர்செய்ய ஆள் வருவதாக இருந்தாலும் விருந்தினர் போன பிறகே வரச் சொல்வார். 'வருகிறவர் எங்களோடு இருக்கிறார்' என்று எழுதுகிற இன்னொருவர், வாசலில் தானே நின்று வரவேற்பார், கூடத்தைப் பொதுவில் வைப்பார், ஆனால் தன் வீட்டுக் குழந்தைகளின் சத்தத்தை, வீட்டைப் பற்றித் தளத்தில் போடும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுவார். ஒரே பூட்டு, ஒரே கூடம்தான். வாக்கியம் மாறியதும் முடிவுகளும் மாறிவிட்டன.

படி 3: யாருக்கு இந்தக் கதவு திறக்கும்?

பெயரைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ 'இவர்கள் வேண்டாம்' என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டிருந்தால், மற்ற படிகள் எதையும் செய்து பயனில்லை. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஏர்பிஎன்பி 2018-ல் ஒரு மாற்றத்தை அறிவித்தது: முன்பதிவு உறுதியான பிறகுதான் விருந்தினரின் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்து மறுப்பதாகப் புகார்கள் வந்ததன் விளைவு அது. தளம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றில்லை. எத்தனை பேர், எத்தனை நாள், விதிகளுக்கு உடன்பாடா என்ற மூன்றை மட்டும் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் பொருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: குறைகளையும் சேர்த்து அறிவிப்பை எழுதுங்கள்

மாடிப்படி செங்குத்தாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். காலையில் தெருவில் இரைச்சல் இருந்தால் அதையும். ஏர்பிஎன்பி-யில் விருந்தினர் தனித்தனியாக மதிப்பெண் தரும் ஆறு பிரிவுகளில் ஒன்று, அறிவிப்பில் சொன்னதும் வீடும் பொருந்துகிறதா என்பது. மற்றவை சுத்தம், உள்ளே நுழையும் ஏற்பாடு, தொடர்பு, இடம், கொடுத்த பணத்துக்கு ஏற்ற மதிப்பு. மூட்டுவலி உள்ளவர் செங்குத்தான படியை வந்து பார்த்து அதிர்வதைவிட, படித்துவிட்டு வேறு வீடு தேடிக்கொள்வது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. அகன்ற கோணத்தில் படமெடுத்துச் சின்ன அறையைப் பெரிதாகக் காட்டுவதையும் நான் பொய்யோடு சேர்த்தே வைக்கிறேன்.

படி 5: முதல் அரை மணி நேரத்தைத் திட்டமிடுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. பயணக் களைப்பு, கையில் பெட்டி, போனில் சார்ஜ் குறைவு, கூடவே தூங்கிவிட்ட குழந்தை. தயக்கம் உச்சத்தில் இருப்பது இந்த அரை மணியில்தான்.

வருவதற்கு முந்தைய நாள் ஒரு செய்தி அனுப்புங்கள். அதில் நான்கே விஷயங்கள் போதும்: வழி, கதவைத் திறக்கும் முறை, வைஃபை பாஸ்வேர்டு, எந்த நேரம் வரை உங்களைக் கூப்பிடலாம் என்பது. 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்' என்று எழுதினால் நாகரிகமானவர்கள் யாரும் கூப்பிடுவதில்லை. 'இரவு பதினொன்று வரை எதற்கும் கூப்பிடலாம். அதற்குப் பிறகு கதவு திறக்காவிட்டாலோ, தண்ணீரோ மின்சாரமோ நின்றாலோ தயங்காமல் எழுப்புங்கள்' என்று எழுதிப் பாருங்கள். எல்லை தெளிவாக இருக்கும்போது கேட்பதற்கு மனம் வரும். ஊர் சுற்றிப் பார்க்கும் இடங்களின் பட்டியலை இந்தச் செய்தியில் திணிக்காதீர்கள். தெருவில் நின்றுகொண்டு தேடும்போது கதவு எண் கண்ணில் படாமல் போய்விடும்.

வழியைச் சொல்லும்போது, கடைசித் திருப்பத்திலிருந்து கதவு வரை நீங்களே நடந்து படமெடுத்து அனுப்புங்கள். முடிந்தால் இருட்டில் எடுங்கள், ஏனென்றால் பலர் வந்து சேர்வது இரவில்தான். வாசல் விளக்கு எரியட்டும். சாவிப் பெட்டி இருந்தால் அதன் எண்கள் அந்த வெளிச்சத்தில் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

பிறகு ஒரு நாள் நீங்களே விருந்தினராக வாருங்கள். இரண்டு கைகளிலும் பை பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் நுழையுங்கள். பையை எங்கே வைப்பீர்கள்? செருப்பை எங்கே விடுவது என்று தெரிகிறதா? குளியலறை விளக்கின் சுவிட்ச் எது? அன்று இரவு அங்கேயே தூங்குங்கள். படுத்துக்கொண்டே போனை சார்ஜ் போட முடியாதது, அதிகாலை வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுவது, குளித்துவிட்டு ஈரத்துண்டைப் போட ஒரு கொக்கிகூட இல்லாதது எல்லாம் அப்போதுதான் தெரியும். எந்த ஆலோசகரும் இவ்வளவு சொல்ல மாட்டார்.

நீங்கள் நேரில் வரவேற்பதாக இருந்தால், வீட்டைச் சுற்றிக் காட்டுவதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். குளியலறை, தண்ணீர், படுக்கை. மற்றதை நாளை சொல்லலாம். 'நீங்கள் ஓய்வெடுங்கள்' என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சொன்னால் கிளம்பிவிட வேண்டும்.

படி 6: பொருட்களும் பேசட்டும்

கூடுதல் போர்வை பூட்டிய அலமாரிக்குள் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். கழிவறைக் காகிதம், சோப்பு, குப்பைப் பை, முதலுதவிப் பெட்டி ஆகியவையும் அப்படியே. ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கக்கூடிய பொருள் எதுவோ அதை முதலில் எடுத்து வெளியே வையுங்கள். உங்கள் சொந்தச் சாமான்களை ஒரே அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு, 'இது ஒன்று மட்டும் எங்களுடையது, மற்ற எல்லாவற்றையும் திறக்கலாம்' என்று எழுதி ஒட்டினால் பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக: முந்தையவரின் தலைமுடி ஒன்று கிடந்தாலும் மற்ற எல்லா உழைப்பும் வீண். விரிப்புகளை, துணி தாங்குமென்றால், 60 டிகிரி செல்சியஸில் துவைத்தால் தூசிப்பூச்சிகளும் சாகும். மூட்டைப்பூச்சிக்கு மெத்தையின் தையல் ஓரங்களை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

படி 7: விதிகளுக்குக் காரணம் சொல்லுங்கள்

முதல் படியில் எழுதிய 'பொறுக்க முடியாதவை' பட்டியல்தான் உங்கள் விதிகள். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். 'இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது' என்பதைவிட, 'பக்கத்துச் சுவருக்கு அப்பால் வயதானவர்கள் தூங்குகிறார்கள், பத்து மணிக்கு மேல் மெதுவாகப் பேசுங்கள்' என்பது அதிகம் மதிக்கப்படும். வரவேற்பு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைக்க வேண்டாம். அக்கம்பக்கத்தவரும் உங்கள் வரவேற்பின் சுமையைத் தாங்குகிறவர்கள்தான். ஏர்பிஎன்பி 2020-ல் தற்காலிகமாகக் கொண்டுவந்த கொண்டாட்டக் கூட்டங்களுக்கான தடையை 2022-ல் நிரந்தரமாக்கியதும் அண்டை வீட்டாரின் தொல்லையை மனதில் வைத்துத்தான்.

படி 8: பார்க்காதீர்கள், திடீரென்று நுழையாதீர்கள்

2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி வீடுகளுக்குள் கண்காணிப்பு கேமராவுக்கு முழுத் தடை. முன்பு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, கூடம் போன்ற பொது இடங்களில் வைக்கலாம் என்று இருந்தது. இப்போது அதுவும் கிடையாது. வாசலுக்கு வெளியே இருந்தால் அதையும் அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். விதி இல்லாத தளமாக இருந்தாலும் உள்ளே வைக்காதீர்கள். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தோடு ஒருவர் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்? குழாய் பழுது பார்க்கத்தான் என்றாலும், செய்தி அனுப்பி, நேரம் கேட்டு, பதில் வந்த பிறகே உள்ளே போங்கள்.

படி 9: பாதுகாப்பு

கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிவாயு ஹீட்டரோ அடுப்போ இருந்தால் அதற்கான அலாரம் வையுங்கள். புகை அலாரம், தீயணைப்பான், வெளியேறும் வழி காட்டும் சிறு வரைபடம் மூன்றும் கட்டாயம். உள்ளூர் உரிமமும் வரியும் ஊருக்கு ஊர் மாறும். முதல் முன்பதிவுக்கு முன்பே விசாரித்து முடித்துவிடுங்கள்.

படி 10: உடைந்தால் என்ன செய்வேன் என்று இப்போதே எழுதுங்கள்

கோபத்தில் எடுக்கும் முடிவில் கொள்கை நினைவுக்கு வராது. அதனால் முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளர், கறை படிந்த துண்டு போன்றவை தேய்மானம். வாடகையிலேயே அடங்கும், கேட்காதீர்கள். கதவு, மெத்தை போன்றவை சேதமானால் படமெடுத்து, தளத்தின் வழியாக அமைதியாகக் கேளுங்கள். 'ஒரு டம்ளர் உடைந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று ஒருவர் தானாகவே சொன்னால், அவர் தயக்கத்தைத் தாண்டி வந்திருக்கிறார். 'கையில் காயம் ஒன்றும் இல்லையே?' என்று முதலில் கேளுங்கள்.

குறை சொல்லிச் செய்தி வந்தால், விளக்கம் கொடுப்பதற்கு முன் தீர்வைச் சொல்லுங்கள். 'ஒரு மணி நேரத்தில் ஆள் வருவார்' என்பது முதல் வரியாக இருக்கட்டும்.

படி 11: வழியனுப்புதல்

கிளம்பும் காலையில் விரிப்பை உருவி, பாத்திரம் கழுவி, குப்பையைக் கொட்டி, தரையைத் துடைக்கச் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. சுத்தம் செய்வதற்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டு இப்படிக் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினால் போதும் என்று சொல்லுங்கள்.

ஏர்பிஎன்பி-யில் இருவரும் கருத்து எழுத 14 நாட்கள் இருக்கும். இருவரும் எழுதிய பிறகோ கெடு முடிந்த பிறகோதான் அவை வெளியாகும். அதனால் அவர் என்ன எழுதியிருப்பார் என்று கணக்குப் போடாமல் நடந்ததை எழுதுங்கள்.

அதைவிடப் பயனுள்ள ஒரு பழக்கம்: விருந்தினர் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே கேள்வி இரண்டாவது முறை வந்தால், பதிலை வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதாமல் கேள்வி எழும் இடத்திலேயே ஒட்டுங்கள். ஹீட்டர் சுவிட்ச் பற்றிய கேள்வி என்றால் அந்தச் சுவிட்சின் பக்கத்தில். சில மாதம் கழித்து அந்த நோட்டையும் முதல் படியில் எழுதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் வாக்கியத்தையே மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள். மாற்றிய அன்றே அறிவிப்பு, விதிகள், முந்தைய நாள் அனுப்பும் செய்தி மூன்றையும் அதற்கேற்பத் திருத்திவிடுங்கள்.